வடகிழக்குப் பருவமழைக்கு வீட்டைத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குத் தாம்பரத்தை ஒட்டிய ஒரு தெருவில் இருபது வருடங்களுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும் தெருக்காரர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். சென்னை அனுபவம்தான் அதிகம் இருக்கும். கடலோர மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வேலையை எப்போது தொடங்க வேண்டும்?

விநாயகர் சதுர்த்தி முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டி வரும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அதற்கப்புறம் டிசம்பர் முடிவதற்குள் பெய்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பாதிக்கும் மேல்.

நாள் கணக்கைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மாடியில் செய்யும் எந்தப் பூச்சு வேலைக்கும் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அப்படிக் காயவைப்பது ஆவணி, புரட்டாசி வெயில்தான். தீபாவளிக்குப் பிறகு எவ்வளவு விலை கொடுத்து எந்த டப்பாவை வாங்கினாலும் அந்த வெயில் கிடைக்காது. அதோடு முதல் மழை விழுந்த மறுநாள் ஊரே கொத்தனாரைத் தேடும். அவரும் என்ன செய்வார், பாவம்?

ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது. எதைச் செய்வது?

மாடிக்கு ஏறி, தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைச் சுத்தம் செய்யுங்கள். வேறு எதுவுமே செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை.

2021 நவம்பர் 6ஆம் தேதி இரவு பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. மறுநாள் காலைக் கணக்கில் நுங்கம்பாக்கத்தில் மட்டும் 21 செ.மீ. பதிவாகியிருந்தது. அன்று அதிகாலை எங்கள் மாடிப்படியில் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து மேலே போனால் மொட்டை மாடியில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூலையில் குனிந்து குழாய் வாயைத் துழாவினேன். கையில் வழவழவென்று ஒரு பால் கவர் தட்டுப்பட்டது. அதன்மேல் வேப்பஞ்சருகு அடை தட்டினது போல் படிந்திருந்தது. கவரைப் பிடித்து இழுத்ததும் தண்ணீர் என் விரல்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, சுழித்து, கடகடவென்று இறங்கியது. கால் மணி நேரத்தில் தளம் தெரிந்தது. அத்தனைக்கும் ஒரு அரை லிட்டர் பால் கவர்தான் காரணம்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர். ஒரு தண்ணீர் லாரி அளவு. குழாய் அடைத்துக்கொண்டால் அந்த 9 டன் எடையும் உங்கள் தலைக்கு மேல்தான் நிற்கும். எங்கே ஒரு மயிரிழை விரிசல் கிடைக்கும் என்று தேடும்.

குழாய் வாயில் தட்டையான சல்லடை மூடி இருந்தால், குமிழ் போல மேலெழும்பிய மூடியாக மாற்றுங்கள். தட்டையான மூடியை நாலு இலையே அடைத்துவிடும். குமிழ் மூடியில் அடிப்பகுதி அடைத்தாலும் மேலே வழி இருக்கும். 1,000 சதுர அடிக்கு ஒரே ஒரு குழாய்தான் என்றால் இன்னொன்று போடச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், கைப்பிடிச் சுவரின் அடியில், தளத்திலிருந்து இரண்டு அங்குலம் உயரத்தில், வெளியே தண்ணீர் வழிய ஒரு துளை போட்டுவையுங்கள். குழாய் அடைத்தாலும் மாடி குளமாகாது.

மாடி ஒழுகுகிறது. வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் நின்றுவிடுமா?

எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் அடித்தால் நிற்காது. இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். கீழே படுக்கையறையில் கறை தெரிந்தால், நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் ஓடி, கம்பி வழியாகவோ எலக்ட்ரிக் பைப் வழியாகவோ நாலடி தள்ளிப் போய்ச் சொட்டும்.

முதலில் மாடியை வகுத்துச் சோதியுங்கள். குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, ஒரு பகுதியைச் சுற்றிச் செம்மண்ணாலோ சிமெண்டாலோ சின்ன வரப்பு கட்டி, ஓரிரு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். ஒரு நாள் முழுக்க நிற்கட்டும். கீழே ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பகுதி. இரண்டு மூன்று நாள் வேலைதான், ஆனால் கொத்தனாரிடம் “இங்கே” என்று கையைக் காட்டிச் சொல்ல முடியும்.

என் அனுபவத்தில் முதல் குற்றவாளி, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை. வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்கும்போது அங்கேதான் பிளவு விடும். அடுத்தது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, அதற்கடுத்தது குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடம். தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த மாடி என்றால் ஒரு மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நடங்கள். ஒட்டியிருக்கும் ஓடு ‘டக்’ என்று ஒலிக்கும், அடியில் விட்டுப்போனது ‘டொப்’ என்று ஒலிக்கும். டொப் சத்தம் வரும் ஓட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதிப்பதுதான் வழி. மேலே பெயிண்ட் அடிப்பதால் பயன் இல்லை.

விரிசலைச் சரிசெய்யும்போது அதன் மேலேயே சிமெண்ட் பாலை ஊற்றிவிட்டுப் போவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். விரிசலின் வழியே வாய் அகன்றும் அடி குறுகியும் இருக்கிற மாதிரி பள்ளம் வெட்டி, தூசியை ஊதியெடுத்து, பாலிமர் கலந்த சாந்தை உள்ளே அழுத்தி நிரப்ப வேண்டும். கைப்பிடிச் சுவர் மூலையில் சாந்தைச் சரிவாகக் கட்ட வேண்டும், தண்ணீர் மூலையில் தங்காமல் வழுக்கி விலகும்படி. அதெல்லாம் காய்ந்த பிறகுதான் பூச்சு. முதலில் தண்ணீர் கலந்து ஒரு நீர்த்த கோட், பிறகு வடக்கு தெற்காக ஒரு கோட், கிழக்கு மேற்காக ஒரு கோட். விரிசல் இருந்த இடங்களில் நடுவே ஃபைபர் வலை. ஈரத் தளத்தில் அடித்தால் அடுத்த வெயிலில் கொப்புளம் கிளம்பி அப்பளம் போல் உரிந்து வரும்.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கும் இதே முறைதானா?

இல்லை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செருகி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, மேலே தட்டோடு பதித்த மாடி அது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, காரைக்குடிப் பக்கமெல்லாம் இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்துகொடுக்கும், மூச்சும் விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் சிமெண்ட் விறைப்பாக நின்று வெடிக்கும். வெடிப்பில் இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உத்தரத்தில் போய்த் தங்கும். சுவருக்குள் செருகியிருக்கும் உத்தர முனைதான் முதலில் உளுத்துப்போகும். அங்கே ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள், மாவு போல் இறங்கினால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் எதற்குச் சேர்ப்பார்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மழை தொடங்கிவிட்டது, ஒழுகவும் தொடங்கிவிட்டது. இப்போது என்ன செய்வது?

மாடியில் தார்ப்பாயை விரித்து, கைப்பிடிச் சுவரின் மேலேயும் ஏற்றி, செங்கல் வைத்துவிடுங்கள். மூலையை மட்டும் மூடினால் அடியில் புகுந்துவிடும். கீழே, கூரைப் பெயிண்ட் பலூன் போல் உப்பியிருந்தால் அடியில் வாளியை வைத்து, ஒரு ஊசியால் குத்தி வடியவிடுங்கள். தானாகப் பிளந்தால் பூச்சும் சேர்ந்து விழும். சொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஃபேனோ விளக்கோ இருந்தால் அந்த அறைக்கான சுவிட்சை மெயின் போர்டில் அணைத்துவிடுங்கள். நிரந்தர வேலையெல்லாம் தை மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சுவரில் ஓதம் ஏறுகிறது. மழைத் தண்ணீரா, பைப் கசிவா, தரையிலிருந்து வருவதா?

கறை எங்கே இருக்கிறது என்பதே பாதிப் பதில். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை, நீளவாக்கில், உப்புப் பூத்தது போல் இருந்தால் அது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். ஜன்னலின் மேல் மூலையில் இருந்தால் சன்ஷேடைப் பாருங்கள். சன்ஷேடின் மேல் குப்பை சேர்ந்து தண்ணீர் நின்றால், அது சுவரோடு சேரும் இடத்தில் உள்ளே வரும். மழையே இல்லாத வைகாசியிலும் ஈரமாக இருந்தால் பக்கத்துக் குளியலறைக் குழாய்தான்.

ஏ.சி. குழாய் போகும் துளையையும் பாருங்கள். பொருத்த வந்தவர் உள்ளிருந்து வெளியே மேல்நோக்கித் துளைத்திருந்தால், மழைத் தண்ணீர் அந்த வழியாக நேரே உங்கள் கட்டிலுக்கு மேல் வரும். துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் சுவரைச் சந்தேகப்பட்டு, கடைசியில் இந்தத் துளையில் சந்து அடைக்கும் பட்டியை ஒரு உருண்டை வைத்து அடைத்தபோதுதான் நின்றது.

சந்தேகமாகவே இருந்தால் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அது அறையில் உள்ள ஈரக்காற்று. உள்பக்கம் வியர்த்தால் சுவரிலிருந்து வருகிறது.

ஓட்டு வீடு, தகர ஷீட், கீற்றுக் கூரைக்கு?

நாட்டு ஓடு என்றால் மழைக்கு முன்னால் ஒரு முறை பிரித்து மாற்றி மேய்வது பழைய வழக்கம். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று விடுகிறோம். ஆனால் பூனையும் அணிலும் நகர்த்திய ஓடுகளும், சருகு அடைத்த வாய்க்கால்களும்தான் அதிகம் ஒழுகும். ஓட்டின் மேல் ஏறுகிறவர் பலகை போட்டு ஏறட்டும்.

தகர ஷீட்டுக்கு மழையைவிடக் காற்றுதான் எதிரி. ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜெ போல்ட் ஒவ்வொன்றையும் முடுக்கி, காய்ந்து வெடித்த ரப்பர் வாஷரை மாற்றுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது டெல்டாவில் எத்தனை வீடுகள் கூரை இழந்தன என்பதைப் பார்த்தவர்கள் இதைச் செய்யாமல் விட மாட்டார்கள். கீற்றுக் கூரைக்கு மேலே பழைய மீன்வலையைப் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு இழுத்து முளையில் கட்டுவது நல்ல பழக்கம். புயல் எச்சரிக்கை வந்தால் எவ்வளவு கட்டியிருந்தாலும் அந்த வீட்டில் தங்காதீர்கள். முகாமுக்கோ பக்கத்து மெத்தை வீட்டுக்கோ போய்விடுங்கள்.

மின்சாரத்துக்கு என்னென்ன பார்க்க வேண்டும்?

மழைக்காலத்தில் உயிர் போகும் வாய்ப்பு அதிகம் உள்ள இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு மெயின் போர்டில் டெஸ்ட் என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான் உள்ள சுவிட்ச் இருக்கிறதா? அதுதான் ஆர்.சி.சி.பி. கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டவுடன் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். சாதாரண எம்.சி.பி. அதைச் செய்யாது. அது ஒயர் சூடாகாமல் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது. பொத்தானை அழுத்திப் பாருங்கள். பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் பழுது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றால், வேறு செலவைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது எர்த். மாடியில் வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாகச் ‘சுருக்’ என்கிறது என்று பலர் சாதாரணமாகச் சொல்வார்கள். மழையில் ஈரக்காலோடு தொடும்போது அது சுருக்கோடு நிற்காது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெருத் தண்ணீர் வாசலுக்கு வரும்போதே, கால் நனைவதற்கு முன்னால், மெயினை அணைத்துவிடுங்கள். இங்கே எல்லோரும் மறக்கிற ஒன்று இன்வெர்ட்டர். மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் தானாக ஓடத் தொடங்கி, தண்ணீருக்குள் இருக்கும் பிளக் பாயிண்டுக்கு மின்சாரம் கொடுக்கும். அதையும் தனியாக அணைக்க வேண்டும். பேட்டரியை மேசை உயரத்துக்கு முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, போர்டுக்குப் போக வேண்டுமானால் அதில் நடக்க வேண்டும் என்றால் போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்துத் தெருவுக்கே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். வெளியே நடக்கும்போது தெருவோரப் பில்லர் பாக்ஸ், கம்பத்தின் இழுவைக் கம்பி இரண்டையும் விட்டு விலகி நடங்கள். பிள்ளைகளுக்கு இதைக் காட்டிச் சொல்லுங்கள்.

எங்கள் வீடு தரைத்தளம். தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க முடியுமா?

அரை அடி, ஒரு அடி என்றால் முடியும். அதற்கு மேல் என்றால் பொருளையும் ஆட்களையும் மேலே ஏற்றுவதுதான் வழி.

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. முதல் நாள் இரவு நாங்கள் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள். தண்ணீர் குளியலறைத் தரைத் துளையிலிருந்து, கறுப்பாக, குமிழ் விட்டுக்கொண்டு வந்தது. தெருச் சாக்கடை நிரம்பியதும் அது எங்கள் குழாய் வழியாகவே திரும்பி வந்துவிட்டது. வாசலை அடைத்த அக்கறையில் பாதிகூடப் பின்கட்டில் காட்டவில்லை.

அதனால் வீட்டுக் கழிவுநீர் வெளியே போகும் குழாயில் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு ஒன்று போடுங்கள். பிளம்பரிடம் ‘நான் ரிட்டர்ன் வால்வு’ என்று கேட்டால் தெரியும். தரையடித் தொட்டிக்குப் பக்கத்தில் அல்ல, குழாய் காம்பவுண்டை விட்டு வெளியேறும் கடைசிச் சாக்கடைச் சேம்பரில் வைக்க வேண்டும். திறந்து சுத்தம் செய்யும் வசதியும் இருக்க வேண்டும். வால்வு இல்லாவிட்டால், மழை வலுக்கும்போது தரைத் துளைகளின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து மணல் மூட்டையை வையுங்கள். கழிப்பறைக் கோப்பைக்குள்ளும் ஒரு சின்ன மூட்டை.

மணல் மூட்டையை முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் கல் போல் நின்று நடுவே சந்து விடும். முக்கால் மூட்டை பணிந்து படியும். வாசலுக்கு நிரந்தரமாக ஒரு அடி உயரத்தில் சின்னத் தடுப்பு கட்டிக்கொள்வது நல்லதுதான், ஆனால் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கழற்றி மாட்டும் பலகை போதும்.

எதை முதலில் மேலே ஏற்றுவது என்று ஒரு தாளில் எழுதிப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் டி.வி.யைத் தூக்கிக்கொண்டு ஓடி, பத்திரத்தை விட்டுவிடுவோம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள், மாத்திரைகள், மூக்குக் கண்ணாடி, சார்ஜர் எல்லாம் ஒரே ஜிப் பையில் இருக்கட்டும். கேஸ் சிலிண்டரை அடைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். தண்ணீரில் அது மிதந்து உருளும்.

கிணற்றிலோ தரையடித் தொட்டியிலோ வெள்ளத் தண்ணீர் கலந்துவிட்டால்?

தொட்டியை முழுக்க இறைத்து, சேற்றை அள்ளி, கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது சுகாதாரத் துறை சொல்லும் கணக்கு. பவுடரை நேராகக் கொட்டாமல் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிப்பதற்குக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். தொட்டிக்குள் ஆளை இறக்கும் முன் மூடியைத் திறந்து வெகு நேரம் காற்றோட விடுங்கள். தனியாக யாரையும் இறக்காதீர்கள்.

மழை வருவதற்கு முன்பே செய்யக்கூடியது, தொட்டியின் மூடி விளிம்பை வாசல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயர்த்திக் கட்டுவது.

மழைநீர் சேகரிப்பு பல வருடத்துக்கு முன் போட்டதுதான். அப்படியே விடலாமா?

தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது போட்ட குழிகள் பலவற்றில் இன்று ஜல்லிக்கு நடுவே களிமண்தான் இருக்கிறது. மேல் அடுக்கு மணலையும் கூழாங்கல்லையும் வெளியே எடுத்து அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி போடுங்கள். பிறகு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கண்ணெதிரே இறங்க வேண்டும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அப்புறம் கிணற்றுக்குத் திருப்புங்கள். நவம்பரில் மாடியிலிருந்து கிணற்றுக்குப் போகும் தண்ணீர்தான் சித்திரையில் மோட்டார் போட்டால் வரும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக் கிணறுகளில் மட்டும் தண்ணீர் இருந்தது. இரண்டு வீட்டிலும் இந்தக் குழியை வருடா வருடம் அலசுகிறவர்கள்.

மரங்களை வெட்டிவிடலாமா?

வெட்ட வேண்டாம், கழித்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. தலைக்கனம் அதிகமாகி, காற்றுக்கு வழிவிடாத மரம்தான் முதலில் சாயும். கிளைகளை நடுவில் கலைத்துவிட்டால் காற்று ஊடுருவிப் போய்விடும். முருங்கை லேசான காற்றுக்கே முறியும், வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் இடுப்பளவுக்கு வெட்டிவிடலாம், தை மாதம் துளிர்த்துவிடும். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காய்களையும் இறக்கிவிடுங்கள். புயல் வருகிறது என்றால் மாடியில் உள்ள பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவையுங்கள். காலித் தொட்டி பறக்கும்.

காரை எங்கே விடுவது?

மேடான இடத்தில். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்கள் நின்றதை எல்லோரும் பார்த்தோம். நனைந்த வண்டி எதையும் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே உள்ளே இருக்கும் தண்டு வளைந்து உடைந்துவிடும்.

கொசுவுக்கு என்ன செய்வது?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை ஈரமில்லாமல் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் பாத்திரத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு நாளை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு. ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, மாடித் தொட்டியின் உடைந்த மூடி, கொட்டாங்குச்சி, சன்ஷேடு. இந்த ஐந்தையும் பார்த்தால் பெரும்பகுதி முடிந்தது.

பாம்பு வருமோ என்று பயமாக இருக்கிறது.

ஏரியோரப் பகுதிகளில் வரும். வளைகளில் தண்ணீர் புகுந்ததும் அது மேடு தேடும். விறகு, செங்கல், பழைய சாமான் குவியலைச் சுவரிலிருந்து அகற்றுங்கள், கதவின் அடிச்சந்தை அடையுங்கள், செருப்பையும் ஷூவையும் தட்டிவிட்டுப் போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ளத்தில் நடந்தவர்களுக்குச் சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

கதவு இறுகிக்கொள்கிறது, துணியில் பூசணம், பருப்பில் வண்டு. இதற்கெல்லாம்?

மரக்கதவு ஈரத்தில் ஊதும். மழைக்காலத்தில் இழைக்கச் சொல்லாதீர்கள், பங்குனியில் காய்ந்து சுருங்கும்போது இடைவெளி விழுந்துவிடும். உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் இரண்டு மாதம் ஓட்டலாம். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள், பட்டுப்புடவைகளைப் புரட்டாசியில் ஒரு வெயில் நாளில், நிழலான இடமாகப் பார்த்து, ஒரு முறை உதறி மடித்துவிடுங்கள். துவரம்பருப்பு, மிளகாய், புளி மூன்றையும் இப்போதே காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டால் தை வரை கவலையில்லை. அரிசியில் இரண்டு துண்டு வசம்பு.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள் என்று பொருள். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதை வானிலை மையம் அதி கனமழை என்கிறது. எங்கள் வீட்டு வழக்கம் இது: மஞ்சளுக்கு மாடிக் குழாயைப் பார்ப்போம். ஆரஞ்சுக்கு இன்வெர்ட்டர், மோட்டார், பத்திரப் பை மேலே போகும். சிவப்புக்கு அப்பாவை முதல் மாடியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். மழை பிடித்த பிறகு முதியவரை நகர்த்துவது மிகவும் கஷ்டம்.

சென்னை மாநகராட்சிக்கு 1913, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இவற்றை ஃபோனில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதிவையுங்கள். ஃபோன் முதல் இரவிலேயே செத்துவிடும்.

கார்த்திகை தீபம் முடிந்துவிட்டது. இனி மழை இல்லைதானே? மணல் மூட்டையை எடுத்துவிடலாமா?

“கார்த்திகைக்கு மேல் மழையுமில்லை, கர்ணனுக்கு மேல் கொடையுமில்லை” என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் அம்மாவும் சொல்வார். ஆனால் 2015இல் தீபம் நவம்பர் 25, வெள்ளம் வந்தது டிசம்பர் 1. 2023இல் தீபம் நவம்பர் 26, மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது டிசம்பர் முதல் வாரம். அதே மாதம் மார்கழி பிறந்த கையோடு தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. 2021இல் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தது.

அதனால் மூட்டையை இருக்கிற இடத்திலேயே விடுங்கள். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது, மாடிக் குழாய் வாயை ஒரு முறை பார்த்துவிட்டு, அப்புறம் பிரித்துத் தோட்டத்தில் கொட்டிக்கொள்ளலாம்.